மண்ணு வாங்கறவ மூணு தரம் கேப்பா

சார், அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்திக்கிறீங்களா? கோச்சிக்காதீங்க. காத்து அடிச்சா துணி அவுந்துக்கும், எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குது. ஆமா, மண்ணுதான். வெறும் மண்ணு. வெடிகுண்டு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. கண்டக்டரு கூட அப்டித்தான் ரெண்டு தரம் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போனான்.

கீழ வெக்கக் கூடாது சார், அதான் விசயம். எடுத்த எடத்துலேந்து எங்க ஊரு எல்ல வரிக்கும் கையிலயே இருக்கணும். தரையில பட்டா போச்சு, மறுபடி போயி எடுக்கணும். பெங்களூருல ஏறனதுலேந்து இப்டியேதான் ஒக்காந்திருக்கறேன். கிருஷ்ணகிரில வண்டி நின்னப்ப எல்லாரும் எறங்கி டீ குடிச்சாங்க, ஒண்ணுக்குப் போனாங்க. நான் பாத்துக்கினு இருந்தேன். உங்க காலாண்ட இருக்கற பை என்னுதுதான். மெதிபட்டாலும் பரவால்ல, உள்ள ஒரு கம்பளிச் சொட்டரு மட்டும்தான் இருக்குது.

இன்னா மண்ணுன்னு கேக்கறீங்க. எங்க ஊரு ஆளுங்க கேட்டா நான் சொல்ல மாட்டேன். நீங்க வேலூருல எறங்கி உங்க வழியப் பாத்துக்கினு போயிடுவீங்க, உங்ககிட்ட சொன்னா இன்னா?

பள்ளிகொண்டாவுக்கு முன்னால ஒரு கூட்ரோடு வரும், அங்கதான் எங்க ஊரு எல்ல. எங்க பக்கம் வூட்டுக்கு ஒரு பட்டாளத்தான். மாமன் மச்சான் பேரு மறந்தாலும் மறப்பானுங்க, பட்டாளத்து நம்பரு மறக்க மாட்டானுங்க. எங்க வூட்டு ஆளு மாசிலாமணி. எங்க தாத்தாவுக்குத் தம்பி. ரெண்டாவது உலகச் சண்டைக்குப் போனாரு. சண்ட முடிஞ்சு ஊர்ப் பசங்க ஒவ்வொருத்தனா திரும்பி வந்தானுங்க, மெடல மார்ல தொங்க வுட்டுக்கினு. இவுரு வரல. லெட்டரும் இல்ல. மூணு வருசம் கழிச்சு ஒரு நாளு தபால்ல ஒரு சின்ன அட்டப்பொட்டி வருது. தொறந்தா, உள்ள மெடலு மட்டும்.

எங்க ஊருக்குன்னு ஒரு கணக்கு இருந்துச்சு சார். உசுரோட இருக்கறவன் மெடல மார்ல போட்டுக்கினு வருவான். தபால்ல தனியா வந்தா அது செத்தவனோடது. இது யாரு சொன்ன சட்டம்? யாரும் சொல்லல. ஆனா அதுதான் சட்டம். ஒருத்தனும் எங்கயும் எழுதிக் கேக்கல. பொட்டியத் தொறந்தானுங்க, பாத்தானுங்க, ஒப்பாரி வெச்சுட்டாங்க. பர்மாவுல செத்தாருன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. அவுரு பொண்டாட்டி எல்லம்மாவுக்கு அன்னைக்கே தாலி அறுத்துட்டாங்க. இருவத்திரண்டு வயசு அந்தம்மாவுக்கு. பதினாறாம் நாளு கல்லு நட்டாங்க. அடுத்த ஆடில எங்க தாத்தா மேல அவுரு எறங்கிட்டாரு.

பட்டாளத்து ஐயான்னு பேரு. பெரிய சாமி சார், சாதாரணம் இல்ல. ஆடி மூணாம் வெள்ளிக்கு நாலு ஊரு சனம் வரும். கெடா வெட்டி, ஒரு பாட்டில் மிலிட்டரி ரம்மு படையலு. மெடலப் புளி போட்டுத் தேச்சு சாமியாடி மார்ல குத்துவாங்க. குத்தின ஒடனே ஐயா வந்துடுவாரு. எங்க தாத்தா ஆடுனாரு, அப்புறம் எங்கப்பா. எங்கப்பா செத்தது எண்பத்தஞ்சு. அன்னைலேந்து நான்.

அந்த மாசந்தான் சார் எனக்கு ஆர்டரு வந்துச்சு. கண்டக்டர் வேல. கவர்மெண்டு வண்டி, தோல் பையி, விசிலு. அதோ போறான் பாருங்க, அந்த வேல. எங்க ஊரு சாமியாடி ராத்திரி எல்லைக்கு வெளிய தங்கக் கூடாது. டிப்போவுல படுக்காம எவன் கண்டக்டர் வேல பாத்தான்? ஆர்டர மடிச்சு ஐயா கல்லுக்கு அடியில வெச்சேன். முப்பத்தொம்பது வருசம் ஆச்சு. இன்னைக்கு வரிக்கும் ஒரு ராத்திரி வெளிய படுத்ததில்ல. இன்னைக்குக் கூட விடியக்காலம் மொத வண்டி புடிச்சுப் போயி, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிக்கினு இருக்கறேன். பொண்ணு குடுக்கவும் ஒருத்தனும் வரல. சாமி ஏறற ஒடம்புன்னா எல்லாருக்கும் பயம். கும்புட வருவானுங்க, சம்பந்தம் பேச வர மாட்டானுங்க.

இப்ப முட்டி தேஞ்சு போச்சு சார். ரெண்டு கையிலயும் பந்தம் புடிச்சுக்கினு எல்லைய மூணு சுத்து ஓடணும். மூணு வருசத்துக்கு முன்னால ஆடில ரெண்டாவது சுத்துல வுழுந்துட்டேன். சனம் 'ஐயா குண்டடி பட்டு வுழுறாரு'ன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. வலி எனக்கு. கும்புடு அவுருக்கு.

எனக்கப்புறம் ஆளு கெடையாது. அப்ப சாவுற வரிக்கும் நான்தானே? அப்பத்தான் இந்த மொற ஞாபகம் வந்துச்சு. எங்கயோ செத்தவன் ஏன் ஆளு மேல வர்றான்? ஒடம்பு கெடந்த மண்ணு ஊருக்கு வரல, அதனால அலையறான். அந்த எடத்துலேந்து ஒரு புடி மண்ணு கொண்டாந்து கல்லுக்கு அடியில போட்டா, சாமி கல்லுல ஒக்காந்துக்கும். அப்புறம் ஆளு தேவையில்ல. பூச மட்டும் போதும். பந்தமும் இல்ல, ஓட்டமும் இல்ல. நான் எங்க வேணா போயி எத்தினி ராத்திரி வேணா படுக்கலாம்.

அந்த மண்ண வாங்கறதுக்கும் மொற இருக்குது. வூட்டுப் பொண்ணு ஒருத்தி மஞ்சத் தண்ணித் தட்டோட எல்லையில நிப்பா. 'எந்த மண்ணு?'ன்னு மூணு தரம் கேப்பா. கொண்டாறவன் மூணு தரமும் சொல்லணும். மொத ரெண்டு தரம் சொல்றது வழியில கூட வந்த காத்து கருப்பு காதுக்குப் போயிடும். மூணாவது தரம் சொல்றதுதான் சாமி காதுல வுழும். அதுதான் கணக்கு. எங்க வூட்டுல இப்ப பொண்ணுன்னா என் தங்கச்சி ரேணுகா ஒருத்திதான்.

செத்த எடம் பர்மான்னா, பர்மாவுல எங்க? அதத் தேடத்தான் எறங்கினேன். பக்கத்தூருல ஜெயவேலுன்னு ரிட்டையர்டு சுபேதார் இருக்கறாரு. மெடலக் கொண்டு போயிக் குடுத்தேன். அவுரு மெடலோட மூஞ்சியப் பாக்கல, ஓரத்தப் பாத்தாரு. 'யோவ், இதுலதான்யா ஆளே இருக்கான்'னாரு. சுத்தி நம்பரு, பேரு, எந்தப் பட்டாளம், எல்லாம் வெட்டியிருக்குது. எழுவது வருசம் நாங்க நடுவுல இருக்கற ராசா தலைக்குச் சந்தனம் வெச்சோம், ஓரத்த எவனும் பாக்கல. புளி போட்டுத் தேச்சுத் தேச்சு நம்பருல ஒரு எழுத்து மழுங்கிப் போச்சு. மூணா எட்டான்னு தெரியல. மாசிலாமணின்னு அந்தப் பட்டாளத்துலயே நாலு பேரு. நம்பரு இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னுட்டாரு.

ரேணுகாதான் மைதா மாவு பெசஞ்சு குடுத்தா. கெட்டியா உருட்டிப் பலகையில போட்டு, மெடலச் சக்கரம் மாதிரி ஓரத்தால உருட்டுனாரு சுபேதாரு. எழுத்து மாவுல எடது வலது மாறிப் பதிஞ்சுது. ரேணுகா கண்ணாடியப் புடிச்சா, சுபேதாரு கண்ணாடியில படிச்சாரு. எட்டுதான். ரேணுகா பத்தாவது வரிக்கும் படிச்சவ, அவளும் ஒவ்வொரு எழுத்தா வெரல வெச்சுப் படிச்சா. நான் எட்டாவதுல நின்னவன். ரெண்டு வருசம் எழுதிப் போட்டுக்கினே இருந்தாரு சுபேதாரு. ஒரு ஆபீசு இன்னொரு ஆபீசுக்குத் தள்ளும். கடைசியா மூணு வாரத்துக்கு முன்னால, நான் வெளிய போயிருந்தப்ப, எங்க வூட்டு விலாசத்துக்குக் கவரு வந்துச்சு. கவரு ஓரம் பிரிச்சு சோத்துப் பருக்கையால ஒட்டியிருந்துச்சு. போஸ்ட்மேனு பண்ண வேலதான், அவனுக்கு ஊரு வம்புன்னா சக்கரப் பொங்கலு. எடுத்துக்கினு நேரா சுபேதாரு வூட்டுக்கு ஓடுனேன்.

அவுரு படிச்சாரு. மறுபடி படிச்சாரு. கண்ணாடியக் கழட்டி வெச்சாரு. 'உன் சாமி சாவலய்யா'ன்னாரு.

ஆமா சார். நாப்பத்தாறுல நல்லபடியா டிஸ்சார்ஜி. பென்சன் வாங்கிக்கினு பெங்களூருல குடித்தனம். வேற கல்யாணம், ஒரு பொண்ணு. வாங்காம வுட்ட மெடல, பட்டாளத்துக்காரங்க கையில இருந்த பழைய விலாசத்துக்கு அனுப்பிட்டாங்க, அவ்ளோதான். செத்தது தொண்ணூத்தொண்ணு. எல்லம்மா வெள்ளப் பொடவையோட எழுவத்தொம்பதுல செத்துச்சு. அந்த மனுசன் அதுக்கப்புறமும் பன்னண்டு வருசம் இருந்திருக்கறாரு. கெடா வெட்டறோம், ரம்மு ஊத்தறோம், இவுரு அங்க வாசல்ல சேரு போட்டுப் பேப்பரு படிக்கிறாரு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் சுபேதாரு வூட்டுல சிரிச்சேன். வெளிய வந்து சைக்கிள எடுத்தவன் ஏறல, தள்ளிக்கினே கணக்குப் போட்டேன். எண்பத்தஞ்சுலேந்து தொண்ணூத்தொண்ணு வரிக்கும் ஆறு ஆடி. ஆறு ஆடில எம்மேல வந்தது யாரு?

அத வுடுங்க. அது பெரிய கத.

இல்ல, சொல்லிட்றேன். எண்பத்தெட்டு. ரேணுகாவுக்கு இருவது வயசு. ஊருக்குக் கரண்டு கம்பம் நட வந்தவன் ஒருத்தன், தயாளன்னு பேரு. நல்ல பையன்தான், குத்தம் சொல்ல முடியாது. ஆனா நம்ம ஆளுங்க இல்ல. அவன் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு, 'உங்க தங்கச்சியக் கட்டிக்கிறேன்'னு நேரா கேட்டான். நேரா! நான் அப்ப ஊருக்கே சாமி, எங்கிட்ட வந்து கையக் கட்டாம கேக்கறான். அம்மா பக்கவாதத்துல படுத்துக் கெடக்கறா, வூட்டுல ஒல வெக்க ரேணுகா ஒருத்திதான். அதுக்காக நான் ஒண்ணும் சொல்லல சார். ஐயாகிட்ட கேப்போம்னு சொன்னேன். ஆடில கேட்டாங்க. 'இந்தப் பொண்ணு என் எல்லையத் தாண்டக் கூடாது, தாண்டினா இந்த வூடு வெளங்காது'ன்னு ஐயா சொல்லிட்டாரு.

சாமி வந்தா எனக்கு ஒண்ணும் நெனவு இருக்காது சார். எல்லாம் அப்புறம் மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அவ பச்சத் தாவணி போட்டிருந்தா. பந்தத்து வெளிச்சத்துல எம்மூஞ்சியவே பாத்தா. நான் சொல்லி முடிச்ச ஒடனே கீழ வுழுந்து கும்புட்டா. எழுந்து போயி அம்மாவுக்குக் கஞ்சி கரச்சா. தயாளன் அந்த வாரமே வேற ஊருக்குக் கம்பம் நடப் போயிட்டான்.

இப்ப அம்பத்தாறு அவளுக்கு. நானும் அவளும் ஒரே வூடு. எனக்குச் சோறு போடறது, என் ஆட்டத்துணி தொவைக்கிறது, வெள்ளிக்கிழமையானா எங்கையால துன்னூரு வாங்கி நெத்தியில வெச்சிக்கறது. தங்கமான பொண்ணு. சாமி வாக்குன்னா அவளுக்கு வேத வாக்கு. இந்த மூணு வாரமாத்தான் துன்னூரு வாங்கறதில்ல. 'கையில எண்ணெ இருக்குதுண்ணா, அப்புறம் வெச்சிக்கறேன்'றா. வயசாவுது இல்ல, அவளுக்கும் அலுப்பு இருக்கும்.

அப்ப பாருங்க சார் என் நெலமய. மண்ணு கெடைக்குது. கடலு தாண்டி இல்ல, நாலு மணி நேரம் பஸ்ஸு. கொண்டாந்து போட்டா எனக்கு விடுதல. ஆனா எந்த மண்ணுன்னு நெசத்தச் சொன்னா, எந்த வருசத்து மண்ணுன்னு கேப்பாங்க. வருசத்தச் சொன்னா, எண்பத்தெட்டுல பேசுனது யாருன்னு ஒருத்தி கேப்பா. சொல்லலன்னா நான் ஓடிக்கினே இருக்கணும். இந்தப் பக்கம் போனா கெணறு, அந்தப் பக்கம் போனா குழி.

அதனால ஒரு வழி பண்ணேன். மெட்ராசுல ஒரு பட்டாளத்து ஆபீசுல பர்மா மண்ண ஒரு பொட்டில வெச்சிருக்காங்க, செத்தவங்க சொந்தக்காரன் போனா ஒரு புடி குடுப்பாங்கன்னு ஊர்ல சொன்னேன். ஊரே நம்புச்சு. தபால்ல மெடலு வந்தா செத்தான்னு நம்புன ஊரு, இத நம்பாதா? ரேணுகாகிட்டயும் மெட்ராசுன்னுதான் சொன்னேன். 'சரிண்ணா, பத்திரமா போயிட்டு வா'ன்னா. ஒரு கேள்வி கேக்கல. கட்டுசோறு கட்டிக் குடுத்தா, பையில சொட்டர மடிச்சு வெச்சா. 'மெட்ராசு வெய்யிலுக்குச் சொட்டரு எதுக்குடி?'ன்னேன். 'இருக்கட்டும்'னா. அவ அப்டித்தான், எதையாவது எடுத்து வெச்சுக்கினே இருப்பா. ஆனா பெங்களூருல எறங்கறேன், தூறலு, குளுரு அப்டியே எலும்புல ஏறுது. அந்தச் சொட்டரு இல்லன்னா செத்திருப்பேன். மண்ணக் கையில எடுக்கறதுக்கு முன்னாலயே கழட்டிப் பையில அமுக்கிட்டேன். ஊர்ல எவனாவது பாத்தா மெட்ராசுக்கு எதுக்குடா கம்பளின்னு கேப்பான் இல்ல?

அவுரு பொண்ணு இருக்கறாங்க, சகாயமேரின்னு பேரு. எழுவது வயசு இருக்கும். ஆமா, அவுரு அந்தம்மாவோட அம்மாவக் கட்டறதுக்காக வேதத்துல சேந்துட்டாரு. கல்லறைக்குக் கூட்டிக்கினு போனாங்க. செலுவ போட்ட சின்னக் கல்லு, புல்லு மொளச்சுக் கெடக்குது. அதுக்கு முன்னால போயி நின்னேன். நாப்பது வருசம் மார்ல சுமந்த ஆளு இங்க நிம்மதியாப் படுத்திருக்கறாரு. கோவம்தான் சார் வந்துச்சு. அப்டியே ஒக்காந்து அழுதேன்.

அந்தம்மா சொன்னாங்க, 'எங்கப்பா ஒரே ஒரு வாட்டி ஊருக்குப் போனாரு. நான் சின்னப் பொண்ணு. ஆடி மாசம்னு ஞாபகம். சாயங்காலம் போனவரு மறுநாளு காலைல வந்துட்டாரு. அம்மா, யாரப் பாத்தீங்கன்னு கேட்டாங்க. அங்க என்ன வுட நல்லவன் ஒருத்தன் என் பேருல இருக்கறான், அவன் பொழப்ப ஏன் கெடுக்கணும்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போவல.'

வந்திருக்கறாரு சார்! கூட்டத்துல நின்னு, எங்க தாத்தா ஆடறதப் பாத்து, தனக்கு வெட்டுன கெடாவயும் பாத்துட்டுத் திரும்பியிருக்கறாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லம்மாவுக்குப் பூவு மிஞ்சியிருக்கும். எங்கப்பா ஆட வேண்டாம், நான் ஆட வேண்டாம். தெரிஞ்சும் வாய மூடிக்கினு போயிட்டான் பாருங்க, அவனெல்லாம் ஒரு மனுசனா? சாமின்னு கும்புட்டமே!

இன்னா சார் அப்டிப் பாக்கறீங்க? நான் வேற, அவுரு வேற. நான் ஊரு நல்லதுக்குச் சொல்லாம இருக்கறேன்.

யாருது, என் போனா? மேல் பாக்கெட்டுல இருக்குது, கொஞ்சம் எடுங்க. ரேணுகாவா? பச்சைய அமுக்கி இப்டிப் புடிங்க... ஸ்பீக்கருல போட்டாலும் சரி. சொல்லும்மா. ஆங், ஆம்பூரு தாண்... வாலாஜா, வாலாஜா தாண்டிட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவேன். தட்டு எடுத்துக்கினு வந்துட்டியா? தனியாவா வந்த? ஊருல யாரும்... சரி சரி. இன்னா? குளுரா? இல்லம்மா, மெட்ராசுல ஏது குளுரு? வெய்யிலு கொளுத்துது. ஆங். சரி, வெச்சுடு.

வெச்சுட்டாளா? நன்றி சார். பாக்கெட்டுலயே போட்டுடுங்க. ஆம்பூருன்னு வாய் தவறி வந்துடுச்சு, மெட்ராசுலேந்து வர்றவன் வாலாஜாதான் தாண்டணும்.

கேட்டீங்க இல்ல நீங்களும்? 'அங்க குளுரா இருந்துச்சாண்ணா'ன்னு கேட்டா. அவ கொரல்ல கோவம் இல்ல சார், சோறு போடட்டுமான்னு கேக்கற மாதிரிதான் கேட்டா.

மெட்ராசுக்கு எவளாவது சொட்டரு வெப்பாளா சார்?

கவர போஸ்ட்மேன் ஒட்டல. அவன் எதுக்குப் பருக்கையத் தேடப் போறான், அவன் பையிலயே கோந்து இருக்குது. பருக்க எங்க வூட்டுப் பானையில இருக்கறது. பத்தாவது படிச்சவ. வெரல வெச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சிருப்பா. தொண்ணூத்தொண்ணுன்ற நம்பரப் படிக்க இங்கிலீசு எதுக்கு?

மூணு வாரம். மூணு வாரமா தெரிஞ்சுக்கினு எனக்குச் சோறு போட்டிருக்கறா. துன்னூருக்கு மட்டும் கை நீட்டல. அவ எண்பத்தெட்டுல கீழ வுழுந்து கும்புட்டது ஐயாவ இல்ல, என்னத்தான்னு தெரிஞ்சுக்கினு, எனக்குக் குளுரும்னு சொட்டரு எடுத்து வெச்சிருக்கறா. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார். வெளக்கமாத்த எடுத்திருந்தா கூட வாங்கிக்கினு இருந்திருப்பேன்.

எனக்கு எல்லாம் நெனவு இருக்குது. அன்னைக்கும் இருந்துச்சு. பச்சத் தாவணி. ஐயா வரல அன்னைக்கு. பந்தத்தப் புடிச்சுக்கினு நான் காத்திருந்தேன், வரல. சனம் வாயப் பாத்துக்கினு நிக்குது. நானே சொல்லிட்டேன். இத இதுவரிக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல சார், நாளைக்கு மறந்துடற உங்ககிட்டதான் சொல்றேன், பாருங்க என் யோக்கிதைய.

கண்டக்டரு விசிலு அடிக்கிறான். கூட்ரோடு வந்துடுச்சு. அதோ, எல்லைக் கல்லாண்ட தட்டோட நிக்கறா பாருங்க, ஒல்லியா, அவதான். தனியாத்தான் வந்திருக்கறா. ஊரக் கூட்டாம வந்திருக்கறா.

மண்ணு வாங்கறவ மூணு தரம் கேக்கணும். மொத தரம் போன்லயே கேட்டுட்டா, நான் பொய் சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு தரம் இருக்குது.

சார், ஒரு ஒத்தாச. எங்கை ரெண்டும் மண்ணு. அந்தப் பையத் தொறந்து சொட்டர எடுங்க. இல்ல, மடிக்க வேணாம், கையில குடுக்க வேணாம். எந்தோள் மேல போட்டு வுடுங்க. இன்னும் கொஞ்சம் முன்னால இழுத்து வுடுங்க சார், எறங்கற அப்பவே அவ கண்ணுல படணும்.